கதியால் வேலி வெட்டுவது எப்படி: மட்டக்களப்பு, அம்பாறைக் காணிகளுக்கு

முதுசக் காணிக்குத் திரும்பி வருபவர்களும் புதிதாக வளவு வாங்குபவர்களும் முதலில் கைவைப்பது கதியால் வேலியில்தான், அதாவது வெட்டிய தடிகளை நட்டுத் துளிர்க்கவைத்த உயிர்வேலியில். பல ஆண்டு வெட்டாமல் விட்ட கிளிசிரியாவும் பூவரசும் ஒழுங்கைவரை சாய்ந்து கிடக்கும். இரண்டு பேரைப் பிடித்து, ஒரே நாளில் சுற்றிவர இடுப்பளவுக்குத் தறித்துவிடுவார்கள். வளவுக்கு வெளிச்சம் வரும், பார்க்கத் துப்புரவாகவும் இருக்கும். ஆனால் அந்த ஒரு நாளில் அந்தக் காணியை நம்பியிருந்த குருவி, ஓணான், கீரி, தேனீ எல்லாவற்றுக்கும் ஒதுங்க இடம் இல்லாமல் போய்விடும். மூன்று நான்கு ஆண்டு இப்படியே வெட்டினால் வேலியும் அடியில் ஓட்டை விழுந்து, கடைசியில் தகரமும் முட்கம்பியும் வாங்க வேண்டிவரும். ஆக, வேலிக்கு நல்ல வெட்டும் குருவிக்கு நல்ல வெட்டும் ஒன்றேதான். எப்போது, எவ்வளவு, எந்த உயரத்தில் என்ற மூன்றும் சரியாக இருந்தால் போதும்.

வேலியில் என்ன இருக்கிறது என்று முதலில் பாருங்கள்

கத்தியை எடுப்பதற்கு முன் ஒரு காலையும் ஒரு மாலையும் வேலியோடு நடந்து பாருங்கள். படுவான்கரைப் பக்கம் (வாவிக்கு மேற்கே) பெரும்பாலும் கிளிசிரியா (சீமைக்கிளுவை என்பதும் இதுதான்), கிளுவை, முள்முருக்கு, இடையிடையே ஆடாதோடை, நொச்சி. உப்புக்காற்று அடிக்கும் எழுவான்கரை (வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட கரை) மணல் காணிகளில் பூவரசும் தாழையும் கூடுதலாக நிற்கும். ஒவ்வொன்றையும் வெட்டும் விதம் வேறு. கிளிசிரியா எவ்வளவு வெட்டினாலும் துளிர்க்கும். பூவரசு மெதுவாகத் துளிர்க்கும். கள்ளியை அவசியமில்லாமல் தொடவே வேண்டாம்.

அடுத்தது கூடுகள். தையல்சிட்டின் கூட்டைப் புதிதாக வருபவர் கவனிக்கவே மாட்டார். பூவரசின் அகன்ற இலை ஒன்றையோ, பக்கத்துப் பக்கத்து இலை இரண்டையோ அது ஓரத்தில் அலகால் துளையிடும். பஞ்சையும் சிலந்தி நூலையும் அந்தத் துளைகளில் கோத்து இழுத்து, இலையைப் பையாக்கி அதற்குள் முட்டை இடும். பெரும்பாலும் இடுப்புக்கும் தோளுக்கும் இடைப்பட்ட உயரத்தில், அதாவது கத்தி வீசும் உயரத்திலேயே இருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் சுருண்ட இலை மட்டுந்தான் தெரியும். தேன்சிட்டின் கூடு கொப்பு நுனியில் காய்ந்த சருகுக் கற்றைபோலத் தொங்கும். பக்கவாட்டில் வாசலும் அதன்மேல் சின்னத் தாழ்வாரமும் இருந்தால் அது கூடுதான். கொண்டைக்குருவியும் புலுனியும் கவட்டில் கிண்ணம்போல் கட்டும். செண்பகத்தின் கூடு பெரிது. முள்ளும் கொடியும் பின்னிக் கிடக்கும் பற்றைக்குள் உருண்டையாக இருக்கும். வாய்க்கால் ஓரத்து வேலியானால், கீழே புல் அடர்ந்த இடத்தில் கானாங்கோழி கட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஒரு குருவி வாயில் புழுவோடு ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போனால் அங்கே குஞ்சு உண்டு. அந்த இடத்துக்கு இரண்டு பக்கமும் பத்து அடி விட்டு ஒரு துணியைக் கட்டி அடையாளம் வையுங்கள். கொண்டைக்குருவி, தையல்சிட்டு போன்றவற்றுக்கு முட்டை இட்டதிலிருந்து குஞ்சு பறக்க ஏறத்தாழ ஒரு மாதம் போதும். செண்பகத்துக்கும் தினைக்குருவிக்கும் இன்னும் ஒரு வாரம் கூட்டிக்கொள்ளுங்கள். ஐந்து வாரம் கழித்து வந்து அந்த இருபது அடியை வெட்டலாம், ஒன்றும் குறைந்துவிடாது. இதில் சட்டமும் இருக்கிறது. 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம், அட்டவணையில் விலக்கிச் சொன்ன சில இனங்கள் தவிர ஏனைய பறவைகளையும் அவற்றின் கூடுகளையும் முட்டைகளையும் காக்கிறது.

கொடி பின்னிய அடர்த்திக்குள் பகலில் தேவாங்கு உருண்டையாகச் சுருண்டு தூங்கும். காட்டை அண்டிய காணிகளில் இதை மனதில் வைத்து, கொடிப்பின்னலைக் கையால் விலக்கிப் பார்த்த பிறகே வெட்டுங்கள்.

எந்த மாதத்தில் வெட்டுவது

இணையத்தில் வேலி வெட்டும் காலத்தைத் தேடினால் மார்ச் முதல் ஆகஸ்ட் வரை வெட்டாதீர்கள் என்று வரும். அது இங்கிலாந்தின் விதி. அங்கே விவசாய நிலங்களில் மார்ச் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை வேலி வெட்டத் தடை உண்டு. அங்கத்தைய குளிர்காலத்தையும் வசந்தத்தையும் பார்த்துப் போட்டது. நமக்குக் கணக்கு மழையில் இருக்கிறது. வாடைக்காற்றோடு ஐப்பசி, கார்த்திகையில் மாரி விழுந்து, புழு பூச்சி பெருகி, தை முதல் சித்திரை, வைகாசி வரை வேலிக் குருவிகள் பலவும் கூடு கட்டும். தையல்சிட்டும் புலுனியும் மற்ற மாதங்களிலும் கட்டும் என்பதால், கூடே இல்லாத மாதம் என்று ஒன்றும் கிடையாது. கூடு குறைவான மாதம்தான் உண்டு.

பெருவெட்டுக்கு ஏற்றது புரட்டாதி நடுவிலிருந்து ஐப்பசி முதல் வாரங்கள் வரை. அதற்கு நான்கு காரணங்கள் ஒன்றாகச் சேர்கின்றன. கூடுகள் குறைவு. வெட்டிய சில வாரங்களில் மழை விழுவதால் மரம் உடனே துளிர்க்கும். வெட்டிய தடிகளை அப்படியே கதியாலாக நடலாம். பெரும்போக விதைப்புக்கு முன் வேலி இறுகிவிடும். மாட்டை மேய்ச்சல்தரைக்குக் கொண்டுபோக வேண்டிய திகதி பெரும்போக ஆரம்பக் கூட்டத்தில் முடிவாகும்; வயல் வேலிக்காரர் அந்தத் திகதிக்கு இரண்டு வாரம் முன் வேலை முடியுமாறு பார்த்துக்கொண்டால் நல்லது. இன்னொன்று காற்று. 1978 நவம்பர் 23இல் மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியும் மாரிக்கால நடுவில்தான் வந்தது. தலை கனத்த முள்முருக்கும் ஓங்கிய கிளிசிரியாவும் ஈர மண்ணில் வேரோடு சாயும். அவற்றின் பாரத்தை மழைக்கு முன்பே குறைத்துவிட வேண்டும்.

தை, மாசியில் வெட்டவே வேண்டாம். கிளிசிரியா இலை உதிர்த்து இளஞ்சிவப்பாகப் பூக்கும் காலம் அது, முள்முருக்கும் சிவப்பாகப் பூத்திருக்கும். தேன்சிட்டும் மைனாவும் தேனீயும் அந்தப் பூக்களை விடாமல் சுற்றும். பங்குனி, சித்திரையும் அப்படியே. வைகாசி முதல் ஆவணி வரை கச்சான் காற்று நிலத்தைக் காயவைக்கும். அப்போது பெருவெட்டு வெட்டினால் மரத்தில் மிச்சமிருக்கும் தண்ணீரும் வற்றும், வெயிலில் ஓணானுக்கும் குருவிக்கும் நிழலும் போய்விடும். ஆட்டுக்குக் குழை தேவைப்பட்டால் பக்கக் கொப்புகளை மட்டும், பத்தடிக்கு ஒன்றாக, கூடு பார்த்து ஒடியுங்கள்.

மூன்றில் ஒரு பங்கு

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் செய்ய முடியுமென்றால் இதைச் செய்யுங்கள். ஓர் ஆண்டில் வேலியின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டாதீர்கள். 40 பேர்ச் வளவு சதுரமாக இருந்தால் சுற்று வேலி ஏறத்தாழ 420 அடி வரும். ஆண்டுக்கு 140 அடி. அதையும் ஒரே நீளத்தில் எடுக்காமல், 35 அடித் துண்டுகள் நான்காக, இடையிடையே வெட்டாத பகுதி வருமாறு எடுங்கள். வெட்டிய துண்டில் இருந்த உயிர்கள் பக்கத்துத் துண்டுக்கு நகர்ந்துவிடும். இரண்டாம், மூன்றாம் ஆண்டுக் கொப்புகளில்தான் குருவிக்கு வேண்டிய கவடும் அடர்த்தியும் அமையும். எல்லாவற்றையும் ஆண்டுதோறும் மொட்டையடித்தால் வேலியில் எப்போதும் இளந்தளிர் மட்டுமே இருக்கும். அதில் கூடு கட்ட இடம் இல்லை.

பொது வேலியானால் பக்கத்து வளவுக்காரரோடு முதலே பேசுங்கள். எல்லைச் சண்டைகள் பாதி கத்தியிலிருந்துதான் தொடங்குகின்றன. உங்கள் பக்கத்தை இந்த ஆண்டும் அவர் பக்கத்தை அடுத்த ஆண்டும் என்று பேசி வைத்தால் வேலியின் ஒரு முகம் எப்போதும் மூடியிருக்கும். பழைய எல்லைக் கதியாலை எக்காரணத்துக்கும் அடியோடு எடுக்க வேண்டாம். வேலியில் பனை நின்றால் தனிக் கவனம் தேவை. பெண் பனை தறிக்க அனுமதி வேண்டும் என்று 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது, பலாவும் ஈரப்பலாவும் அதில் அடங்கும். பிரதேச செயலகத்தில் கேட்டுவிட்டுத் தொடுங்கள். மின்கம்பியைத் தொடும் கொப்பு எதுவானாலும் மின்சார அலுவலகத்துக்கு அறிவித்துவிட்டு ஒதுங்குங்கள்.

கருவிகளும் கைகாலும்

காட்டுக்கத்தி ஒன்று, கைவாள் ஒன்று, உயரக் கொப்புக்குக் கொக்கத்தடி, கதியால் நட அலவாங்கு. இவை போதும். கத்தியைத் தீட்டிக்கொண்டு தொடங்குங்கள், ஒரு மணித்தியாலத்துக்கு ஒருமுறை மீண்டும் தீட்டுங்கள். மழுங்கிய கத்தி பட்டையை நார் நாராகக் கிழிக்கும். அந்தக் கிழிசலில் மழைநீர் ஊறி அடிவரை அழுகும். துளிர்க்காமல் செத்த கிளிசிரியாக்கள் பலவற்றுக்கும் இதுவே காரணம்.

முழங்கால் வரை சப்பாத்து, நீளக் காற்சட்டை, தடித்த கையுறை அவசியம். வேலி அடியில் புடையன், எட்டடி விரியன், கரையோர மணலில் சுருட்டை விரியன் இருக்கலாம். குனிவதற்கு முன் நீளத் தடியால் தட்டி, சற்றுப் பொறுத்து, பிறகு கிட்டப் போங்கள். சாரை கண்டால் போக விடுங்கள், எலி பிடிப்பது அதன் தொழில். கடிபட்டால் கட்டுப் போடாமல், கீறாமல், அசையாமல் இருத்தி 1990 அம்புலன்சைக் கூப்பிடுங்கள். வாய்க்கால் ஓரத்தில் வெறுங்காலோடு நிற்க வேண்டாம், எலிக்காய்ச்சல் தொற்றும். கள்ளிப்பால் கண்ணில் தெறித்தால் கால் மணித்தியாலம் தண்ணீரால் கழுவிவிட்டு வைத்தியசாலைக்குப் போங்கள். குளவிக்கூடு இருக்கும் துண்டை இந்த ஆண்டு விட்டுவிட்டு வேறு துண்டை எடுத்துக்கொண்டால் புகையும் நெருப்பும் வேண்டியதில்லை.

வெட்டும் முறை

முதலில் கதியாலைப் பாருங்கள், வெட்டாதீர்கள். எந்த அடிமரம் உயிரோடு இருக்கிறது, எது பட்டுப்போயிருக்கிறது என்று நகத்தால் பட்டையைச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் உண்டு. பட்டுப்போன கதியாலைப் பிடுங்கி எறிய வேண்டாம். கறுத்த பெரிய தச்சுத் தேனீ அதில் துளையிட்டுத்தான் குஞ்சு வளர்க்கும். கொடித்தோடைப் பூவுக்கு மகரந்தம் மாற்றுவதில் அதை விஞ்ச ஆளில்லை. பட்டமரம் சாயுமென்றால் பக்கத்து உயிர்மரத்தோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள்.

இரண்டாவதாக, கொடிகளை மேலிருந்து கீழாகத் தளர்த்துங்கள். இழுத்துப் பிடுங்கினால் கூடும் சேர்ந்து வரும். காய்ந்த கொடியை மட்டும் எடுத்து, பச்சைக்கொடியில் பாதியை விடுங்கள்.

மூன்றாவது, உயரம். இங்கேதான் பெரும்பாலானோர் பிழைவிடுகிறார்கள். எல்லா அடிமரத்தையும் ஒரே மட்டத்தில் நெஞ்சளவுக்கு வெட்டினால், துளிர் எல்லாம் வெட்டிய தலையில்தான் வரும். மேலே குடைபோல விரிந்து நிழல் விழ, அடியில் உள்ள சின்னக் கொப்புகள் செத்துப்போகும். இரண்டு மாரிக்குள் ஆடு நுழையும் ஓட்டை தயார். அதற்குப் பதிலாக, வெட்டும் துண்டில் ஒன்றுவிட்ட ஒன்றாக அடிமரங்களை முழங்கால் உயரத்தில், ஏறத்தாழ ஒன்றரை அடியில் வெட்டுங்கள். மற்றவற்றை நான்கரை அடியில் வெட்டுங்கள். முதலாவது வரிசை அடியை மூடும், இரண்டாவது மேலே கவடு கொடுக்கும். அடுத்த சுற்றில், மூன்று ஆண்டு கழித்து, உயரத்தை மாற்றிக்கொள்ளுங்கள். முழு வேலியும் அடியில் அகலமாக, மேலே ஒடுக்கமாக வர வேண்டும். அடி மூன்றடி அகலமென்றால் தலை இரண்டடி போதும்.

பூவரசை முழங்கால் உயரத்துக்கு இறக்க வேண்டாம். இடுப்புக்கு மேலே, ஒரு பக்கக் கொப்பாவது இலையோடு விட்டு வெட்டுங்கள்.

வெட்டு எப்போதும் சாய்வாக இருக்கட்டும், தண்ணீர் நிற்கக் கூடாது. கத்தியைக் கீழிருந்து மேலாக வீசினால் பட்டை கிழியாது. இரண்டு அங்குலத்துக்கு மேல் தடித்த கொப்பைக் கைவாளால் அறுங்கள்: வெட்டும் இடத்துக்கு ஒரு சாண் வெளியே, கீழ்ப்பக்கம் மூன்றில் ஒரு பங்கு அறுத்து, பிறகு மேலிருந்து அறுத்துக் கொப்பை விழவிட்டு, மிஞ்சும் கட்டையைக் கடைசியாக அறுக்க வேண்டும். கீழ்வெட்டு இல்லாமல் மேலிருந்து மட்டும் அறுத்தால் கொப்பு முறியும்போது அடிமரத்தின் பட்டையையும் உரித்துக்கொண்டு போகும்.

வளையக்கூடிய இளங்கொப்புகள் நான்கைந்தை வெட்டாமல் வைத்து, ஓட்டை உள்ள பக்கம் வளைத்து, வரிச்சுத்தடியோடு நாரால் கட்டுங்கள். அவை படுத்தபடியே மேல்நோக்கித் துளிர்த்து ஓட்டையை அடைக்கும். முட்கம்பியை உயிர்மரத்தில் ஆணி வைத்து அடிக்காதீர்கள். ஆணி அடித்த இடம் அழுகும், சில ஆண்டில் மரம் கம்பியை விழுங்கி, அடுத்தமுறை வெட்டுபவரின் கத்தி அதில் பட்டுத் தெறிக்கும்.

வேலி அடிக்குப் புல்வெட்டும் இயந்திரத்தைக் கொண்டுபோக வேண்டாம். அதன் நைலோன் நூல் இளங்கதியாலின் பட்டையைச் சுற்றிவர உரித்துவிடும், அந்தக் கதியால் பிழைக்காது. அரணையும் தேரையும் அதில் அரைபடும். ஓணானும் பச்சோந்தியும் வேலி அடி மண்ணில்தான் குழி தோண்டி முட்டை இடுகின்றன என்பதால் மண்வெட்டியால் கொத்துவதும் வேண்டாம். களைநாசினி தெளித்தால் கதியாலின் வேரும் சேர்ந்து வாடும். அடியில் ஒன்றரை அடி அகலத்துக்குப் புல்லும் சருகும் கிடக்கட்டும். வழியை மறைக்கும் புல்லை அரிவாளால் ஒரு சாண் உயரத்தில் அரிந்தால் போதுமானது.

வெட்டிய குழை

வெட்டியதை உடனே இழுத்துக் கட்டாமல் ஓர் இரவு வேலியோரமாகவே கிடக்க விடுங்கள். இலைக்குள் ஒட்டியிருக்கும் பச்சோந்தி, பச்சைப்பாம்பு, மரத்தவளை எல்லாம் மெதுவாகப் பக்கத்துத் துண்டுக்குப் போய்விடும். மறுநாள் பிரித்தெடுங்கள். கிளிசிரியாக் குழை ஆட்டுக்கும் மாட்டுக்கும் ஒருநாள் வாடிய பிறகு கொடுத்தால் விரும்பித் தின்னும். தீனியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம், குதிரைக்கும் கோழிக்கும் ஆகாது. மிச்சக் குழையைத் தென்னை அடியில் பரப்பலாம், வயலில் உழுது தாழ்க்கலாம். தழைச்சத்து நிறைந்த இலை அது, இரண்டு மூன்று வாரத்தில் மக்கும். முட்கொப்புகளை வெட்டிய துண்டின் முன்னால் குவித்து வையுங்கள். இளந்தளிரை ஆடு கடிக்காமல் முதல் இரண்டு மாதம் காக்கும். தடித்த கட்டைகள் சிலவற்றை வீட்டிலிருந்து தள்ளி, காணிக் கோடியில் குவித்தால் கீரிக்கும் அரணைக்கும் இருப்பிடமாகும். நெருப்பு மட்டும் வேண்டாம். வேலியோரம் சருகு எரித்த இடத்தில் அடுத்த ஆண்டு ஓட்டைதான் இருக்கும்.

ஓட்டை அடைத்தல்

கதியாலுக்கு எடுக்கும் தடி முற்றியதாக, பட்டை மண்ணிறம் ஏறியதாக, ஒன்றரை முதல் இரண்டரை அங்குலத் தடிப்பில் இருக்கட்டும். ஆறடி நீளம், மேல்முனை சாய்வாக, அடிமுனை கூராக. மேல்கீழ் மாறிப்போகாமல் அடிமுனையில் கரியால் கோடு போடுங்கள், தலைகீழாக நட்டது பிழைப்பது அரிது. நிழலில் இரண்டு மூன்று நாள் வைக்கலாம். முள்முருக்கின் வெட்டுவாய் ஒருநாள் உலர்ந்தால் அழுகல் குறையும். அலவாங்கால் ஒரு முழ ஆழத்துக்குக் குழி போட்டு, தடியை இறக்கி, மண்ணைக் காலால் மிதித்து இறுக்குங்கள். தடியைச் சுத்தியலால் அடித்து இறக்கினால் தலை பிளந்து காயும். குழிக்குக் குழி ஓர் அடி இடைவெளி சரி.

எல்லா ஓட்டையையும் கிளிசிரியாவால் அடைக்க வேண்டாம். ஐந்தில் இரண்டையாவது வேறு மரத்துக்கு விடுங்கள். கிளா, சூரை, இலந்தை, ஈச்சை ஆகிய நான்கும் முள்ளோடு பழமும் தரும். கறிவேப்பிலையும் எலுமிச்சையும் வைத்தால் அவற்றை உண்ணும் வண்ணத்துப்பூச்சிப் புழுக்கள் வரும், புழுவைத் தேடித் தையல்சிட்டு வரும். மேட்டுக்காணியில் நொச்சி, ஈரப்பாங்கில் ஆடாதோடை. இவற்றை விதையாகவோ கன்றாகவோ முதல் மழையோடு வையுங்கள். நாயுண்ணியையும் இப்பில் இப்பிலையும் வேலிக்கென்று நடாதீர்கள், இரண்டும் காணி முழுக்கப் பரவிவிடும்.

மழை தொடங்கி ஆறு, எட்டு வாரத்தில் ஒவ்வொரு கட்டையிலும் பத்துப் பதினைந்து துளிர் வந்திருக்கும். கூடு இல்லையென்று பார்த்துக்கொண்டு, பலமான நான்கை விட்டு மற்றதை இளசாகவே கையால் ஒடித்துவிடுங்கள். கழிக்காமல் விட்டால் எல்லாம் மெலிந்து, கச்சானில் முறியும். துளிரே வராத கட்டையைத் தை மாதம் வரை பொறுத்துப் பாருங்கள். பூவரசு பிந்தித்தான் எழும்பும். இந்த ஆண்டு வெட்டிய நான்கு துண்டுகளின் இரு முனைக் கதியாலிலும் ஆண்டை எழுதிய தகரத்துண்டு ஒன்றைக் கயிற்றால் கட்டிவிடுங்கள். அடுத்த புரட்டாதியில் வேலை செய்ய வேறு ஆட்கள் வந்தாலும் எங்கே தொடக் கூடாது என்று அவர்களுக்குத் தெரியும்.